குளிர்பதன வாயுவும் புகைபோக்கியும்: கேள்வி பதில்

கேள்வி (மீன் பதனிடும் ஆலைப் பணியாளர், தூத்துக்குடி): ஐயா, எங்கள் குளிர்பதன அறைகளுக்கு ஆண்டுதோறும் பத்துக் கிலோ ஆர்-404ஏ வாயு நிரப்புகிறோம். புகையோ நெடியோ இல்லாத இதையும் மாசாகக் கருத வேண்டுமா?

பதில்: கட்டாயம் கருத வேண்டும். மூடிய சுற்றில் ஓடும் வாயு தேய்ந்து குறைவதில்லையாதலால், நீங்கள் நிரப்பும் அளவே கசிந்துபோன அளவு. நூறாண்டுக் கணக்கில் இதன் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 3,900 மடங்கு; அதாவது உங்கள் 10 கிலோ கசிவு 39 டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஜெனரேட்டரில் 14,000 லிட்டருக்கும் மேல் டீசல் எரித்தால்தான் அவ்வளவு வெளியேறும். புகைபோக்கியை மட்டுமே அண்ணாந்து பார்க்கும் வழக்கத்தை நான் குறை சொல்வது இதனால்தான். கம்ப்ரசர் சீல், குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டு, வால்வு மூடி ஆகியவற்றில் எண்ணெய்ப் பிசுக்கு தென்பட்டால், வாயுவோடு எண்ணெயும் கசிகிறது என்று பொருள். அங்கே சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அப்படியானால் அமோனியாவுக்கே மாறிவிடலாமா?

பதில்: ஓசோனுக்கும் தட்பவெப்பத்துக்கும் அதனால் கேடில்லை, ஐஸ் தொழிற்சாலைகள் நெடுங்காலமாக நம்பிவரும் வாயுவும் அதுவே. ஆயினும் அது நச்சு. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கை எட்டினால் உயிருக்கே உடனடி ஆபத்து. காற்றைவிட இலேசானது என்றாலும், மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம் பீறிட்டு வெளியேறும்போது குளிர்ந்த வெண்மூட்டமாகத் தரையை ஒட்டியே படரும். அந்த மூட்டத்தின்மீது தண்ணீரைத் தூவலாம். தேங்கிய திரவத்தின்மீது ஊற்றினால் ஆவி மேலும் கிளம்பும். வாயு உணர்கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாத இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஆர்-404ஏ சந்தையிலிருந்து எப்போது மறையும்?

பதில்: உடனே மறையாது. ஓசோன் பாதுகாப்புக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் 2016ஆம் ஆண்டு செய்யப்பட்ட கிகாலி திருத்தத்தின்படி, இந்தியா ஆர்-404ஏ போன்ற ஹைட்ரோஃபுளோரோகார்பன் வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். அளவு சுருங்கச் சுருங்க விலை ஏறும் என்பது என் கணிப்பு.

கேள்வி: மாசைக் குறைக்கக் கொதிகலனின் புகைபோக்கியை உயர்த்தினால் போதுமா?

பதில்: போதாது. உயரம் மாசைப் பரப்பி நீர்க்கச் செய்யுமே ஒழிய, கந்தக டை ஆக்சைடில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது. குறைப்பதற்குக் கந்தகம் குறைந்த எரிபொருளோ, வாயுவைக் கழுவும் ஸ்கிரப்பரோ தேவை.