நாலு மரம் நட்டால் என்ன?

வணக்கம்.

போன வாரக் கட்டுரையில், பாலைவனங்களையும் காப்பாற்ற வேண்டும் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். காட்டைக் காப்பது புரிகிறது. வெறும் மணலைக் காப்பானேன்? நாலு மரம் நட்டுப் பச்சையாக்கினால் நல்லதுதானே? பாலைவனமாவதைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா.வே சொல்கிறதே?

ம.

அன்புள்ள ம.,

ஒரே வரியில் விட்டது என் தப்புதான்.

ஐ.நா.வின் 1994 உடன்படிக்கை சஹாரா, நமீப் போன்ற ஆப்பிரிக்கப் பாலைவனங்களை ஒழிக்கச் சொல்லவில்லை. அவை மழை குறைவால் தாமாக உருவான பழைய நிலங்கள். அவற்றுக்கு வியாதி ஒன்றும் இல்லை. உடன்படிக்கையின் கவலை வேறு: வறண்ட பகுதிகளில் இருக்கிற கொஞ்ச மண்ணும் புல்லும் அளவுமீறிய மேய்ச்சலாலும் தப்பான பாசனத்தாலும் காலநிலை மாற்றத்தாலும் கெட்டுப்போவது. நம் பழைய திணைக் கணக்கிலும் முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால்தானே பாலை? அந்தப் பாலையைத்தான் தடுக்கச் சொல்கிறார்கள்.

மத்திய ஆசியாவின் ஆரல் கடலைப் பாருங்கள். 1960-களிலிருந்து பருத்திக்காக ஆமு தர்யா, சிர் தர்யா ஆறுகளின் நீரை ஏராளமாகத் திருப்பினார்கள். கடல் வற்றியது. அடியில் படிந்திருந்த உப்பும் பூச்சிமருந்தும் இப்போது காற்றில் பறக்கின்றன. அங்கே சாக்சால் என்ற வறட்சி தாங்கும் செடியை நடுகிறார்கள். சரியான வேலை.

அப்புறம், அந்த 'வெறும் மணல்'. சஹாராவிலேயே மணல் ஏறக்குறைய கால் பங்குதான். மீதி பெரும்பாலும் பாறையும் சரளையும். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் குனிந்து பார்த்தால், ஆறிவரும் புண்ணின் பொருக்கு மாதிரி தரை கறுத்து, மேடும் பள்ளமுமாக இருக்கும். அது உயிருள்ள பொருக்கு. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர், லைக்கன் (பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழ்வது), பாசி எல்லாம் சேர்ந்தது. சயனோபாக்டீரியாவின் நுண்ணிய இழைகள் பசையோடு மணல்துகள்களைப் பின்னிக் கட்டுகின்றன. அதனால்தான் காற்று மண்ணை அள்ளிப்போவதில்லை. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்ப்பதும் இதே கூட்டம்தான். காய்ந்திருக்கும்போது ஒரு பூட்ஸ் கால் பட்டால் நொறுங்கிவிடும். மறுபடி பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கலாம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் 1942-44-இல் போர்ப்பயிற்சிக்கு ஓடிய டாங்கிகளின் தடம் இன்றும் தெரிகிறது. அப்படிப்பட்ட தரையில் குழிதோண்டும் இயந்திரத்தை இறக்கினால், நட்ட மரம் பிழைக்கிறதோ இல்லையோ, பொருக்கு செத்துவிடும். மரம் பிழைத்தாலும், அடியில் இருக்கும் சொற்ப நீரை அது குடித்தாக வேண்டும்.

மரத்துக்கு நான் எதிரி இல்லை. சஹாராவை ஒட்டிய நைஜர் நாட்டின் தென்பகுதியில், விளைநிலங்கள் மொட்டையாகிப் போயிருந்த 1980-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ கன்று நட்டு நட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் மணலில் வண்டி ஓட வேண்டுமே என்று டயர் காற்றைக் குறைக்க இறங்கியவர், பக்கத்தில் நின்ற புதரை உற்றுப் பார்த்தார். எப்போதோ வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலிருந்து கிளம்பிய தளிர்கள் அவை. வேர் சாகவே இல்லை. வருஷாவருஷம் துளிர்ப்பதும் வெட்டுப்படுவதுமாக இருந்திருக்கிறது. விவசாயிகள் நல்ல தளிர்களாகச் சிலவற்றை விட்டு, மற்றதைக் கழித்து, ஆடுமாடு கடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். பின்னர் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் எழுந்தன. கன்றுக்குச் செலவே இல்லை.

அதனால் உங்கள் நாலு மரத்துக்கு நான் இடம் சொல்வதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும்: அங்கே முன்பு மரம் இருந்ததா?