பசி எங்கிருந்து எடுக்கிறது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆங்கிலத்தில் ‘டேக்’ என்ற ஒரு வினைச்சொல்லே பிடிபடவில்லை. அகராதி பார்த்து அறுபது அர்த்தங்களை நோட்டில் எழுதி, தினமும் பத்துப் பத்தாக ஒப்பிக்க வைக்கிறேன். ஒப்பிக்கிறாள். வாக்கியம் எழுதச் சொன்னால் எல்லாம் தப்பு. கவனமே இல்லை. நேற்று நடுவில், “பசி எடுக்குதுன்னு சொல்றோமே அம்மா, அது எங்கிருந்து எடுக்குது?” என்கிறாள். அதட்டி உட்கார வைத்தேன். அவள் அப்பா இதிலெல்லாம் தலையிடுவதில்லை. நான் என்ன செய்ய?

பதில்: சகோதரி, இப்படிக் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. சொல் மாறும், ஒப்பிக்கும் பிள்ளை மாறும், நோட்டு மாறாது. நோட்டைப் பிறகு பார்க்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையை ஏன் அதட்டினீர்கள்?

கவனம் இல்லை என்கிறீர்கள். ‘டேக்’ என்றால் எடு என்று நீங்கள் சொன்னதைக் காதில் வாங்கி, தன் வாயில் தினமும் புழங்கும் ‘எடு’வைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். இதைவிட என்ன கவனம் வேண்டும் உங்களுக்கு?

அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. எடுத்தல் என்றால் கையில் வாங்குவது மட்டுமல்ல, மேலே எழுப்புவதும்தான். குரலெடுத்துப் பாடுகிறோம். பாம்பு படம் எடுக்கிறது. பசியும் அப்படித்தான் உள்ளிருந்து கிளம்புகிறது. ‘பாம்பு படம் எடுத்தது’ என்றால் எந்தக் குழந்தையும் கேமராவைத் தேடாது. ‘மாமா படம் எடுத்தார்’ என்றால் பாம்பைத் தேடாது. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்தே பொருளைப் பிடித்துவிடுகிறது. ‘டேக்’குக்கும் அதே வழிதான். ‘டேக் ஆஃப்’ என்பதற்குப் பக்கத்தில் விமானம் இருந்தால் கிளம்புவது, சட்டை இருந்தால் கழற்றுவது. ‘டேக் யுவர் டைம்’ என்றால் அவசரப்படாதே. ‘ஐ கான்ட் டேக் இட்’ என்றால் என்னால் தாங்க முடியவில்லை. ‘ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹர் மதர்’ என்றால் அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள். இதில் எதையும் தனியாகப் பிய்த்து ஒப்பிக்க முடியாது.

‘டேக்’ என்ற அந்தச் சொல் ஆங்கிலத்துக்கே வெளியிலிருந்து வந்தது. வட ஐரோப்பாவின் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து, அதுவரை ஆங்கிலத்தில் இருந்த ‘நிமன்’ என்ற சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘மிஸ்டேக்’குக்குள்ளும் அதுதான் இருக்கிறது: தவறாக எடுத்துக்கொள்வது. நாமும் ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்கிறோமே! ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் ‘டேக்’குக்கு 134 பொருள்கள் கொடுத்தார். பொருளை மட்டும் எழுதிவிட்டு அவர் நகரவில்லை, நூல்களிலிருந்து வாக்கியங்களை எடுத்துக் காட்டினார். நீங்களோ வாக்கியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அர்த்தத்தை மட்டும் பிள்ளை தலையில் ஏற்றுகிறீர்கள்.

அவள் அப்பா தலையிடுவதில்லை என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. பிள்ளையின் படிப்பு தாய்க்கு மட்டும் எழுதிவைத்த வேலையா? பெற்ற இருவருக்கும் அது கடமை. கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வதும், தெரியாவிட்டால் அவளோடு உட்கார்ந்து தேடுவதும் அந்தக் கடமைக்குள் வரும். மதிப்பெண் அதற்குப் பிறகுதான்.

இன்றிரவு நோட்டைத் திறக்காதீர்கள். அதட்டியது தப்பு என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். பிறகு அவள் அப்பாவையும் உட்கார வைத்து, மூன்று பேருமாக ‘எடு’ வரும் வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் அவள் ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். ஓய்வு எடு, விடுப்பு எடு என்பதற்கெல்லாம் ‘டேக்’ பொருந்தும். மதிப்பெண் எடு என்றால் ‘கெட்’ வந்துவிடும், வேகம் எடு என்றால் ‘பிக் அப்’. அவள் வாக்கியங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று அவளே பிரித்து எழுதட்டும். முதல் வாக்கியம் அவளுடையதாகவே இருக்கட்டும்: ‘எனக்குப் பசி எடுக்கிறது.’ அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘டேக்’ எங்கே போயிற்று என்று அவள் கேட்பாள். கேட்கவிடுங்கள்.