வாசகர் கேள்வி, அக்கா பதில்: சிங்கப்பூரில் வேலையை விடாமல் வாத்தியார் ஆக முடியுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயது. துவாஸில் ஒரு சரக்கு நிறுவனத்தில் பத்து வருஷமாகக் கணக்குப் பார்க்கிறேன். நன்யாங் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் இருக்கிறது. மகளுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது வருகிற சந்தோஷம் ஆபிசில் ஒருநாளும் வந்ததில்லை. தமிழும் கற்பிக்க ஆசை, கணிதமும் ஆசை. இரண்டு பிள்ளைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கடன் வேறு. மாலையிலும் சனி ஞாயிறிலும் படித்தே ஆசிரியராக வழி இருக்கிறதா? (ஈசூன் வாசகர்)

பதில்: தம்பி, கசப்பு மருந்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராக வேண்டுமென்றால் பட்டதாரிகளுக்கான கல்விப் பட்டயம் படிக்க வேண்டும், அது ஜூரோங் வெஸ்ட் பக்கம் நன்யாங் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிற தேசியக் கல்விக் கழகத்தில் நடக்கிற முழுநேரப் படிப்பு. பகலில் துவாஸ், ராத்திரி பாடம் என்று ஓட்ட முடியாது.

ஆனால் நீங்கள் நினைப்பதுபோல வேலையை விட்டுவிட்டுக் கையிருப்பைக் கரைத்துப் படிக்கிற கதையும் இல்லை. கல்வி அமைச்சு முதலில் உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், அப்புறம்தான் படிக்க அனுப்பும். படிக்கிற காலத்திலும் சம்பளம் வரும், மத்திய சேமநிதியும் போகும், கட்டணமும் அவர்கள் பொறுப்பு. அதற்கு ஈடாக மூன்று வருஷ பாண்ட், அதாவது அவ்வளவு காலம் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்கிற ஒப்பந்தம். நடுவில் விட்டால் பணம் கட்ட வேண்டும், கையெழுத்துப் போடும்முன் வீட்டில் இருவருமாக உட்கார்ந்து அதைப் படியுங்கள். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் இப்போதைய வேலையில் இருந்துகொண்டே செய்யலாம். நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை துவாஸ் முதலாளியிடம் மூச்சு விடாதீர்கள்.

அடுத்தது, தமிழா கணிதமா? இதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இங்கே இரண்டும் இரண்டு வண்டி. தொடக்கப்பள்ளியில் கணிதம் எடுப்பவர் பெரும்பாலும் ஆங்கிலமோ அறிவியலோ சேர்த்து எடுப்பார். தமிழாசிரியர் தமிழ்தான். பிள்ளைகள் குறைவு, ஆசிரியர்களும் குறைவு என்பதால் ஒரே ஆள் காலையில் தொடக்கநிலை ஒன்றுக்கு அ ஆ சொல்லிவிட்டு அடுத்த மணிக்கு ஆறாம் வகுப்புக்குக் கட்டுரை திருத்த நேரிடும்.

தமிழ் தெரிந்தால் தமிழ் கற்பிக்கலாம் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். பதினோரு வருஷம் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குப்பை கொட்டிவிட்டு 33 வயதில் மாறினேன். முதல் மாதத்திலேயே ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அவரைன்னா ஹிம்மா, பீன்ஸா?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், ஆனால் வேற்றுமை உருபை அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நமக்குத் தாய்ப்பாலோடு வந்த மொழி. அவன் வீட்டில் ஆங்கிலம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகம் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஏறத்தாழ அறுபது சதவீதம், தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 27 சதவீதம். வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே வருவதால்தான் பாடத்திட்டத்தில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நன்னூல் தெரிந்தவரைவிட, பிள்ளை "நான் டாய்லெட் போகணும்" என்பதைத் தமிழிலேயே முழுசாகச் சொல்லும்வரை முகம் சுளிக்காமல் நிற்கிறவர்தான் அங்கே தாக்குப்பிடிப்பார்.

சரி, வேலையில் இருந்துகொண்டே என்ன செய்வது? பிள்ளைகள் கூட்டத்துக்குள் போய் நின்று பாருங்கள். சொந்த மகளுக்குப் பின்னம் சொல்வது வேறு, சம்பந்தமில்லாத இருபது முப்பது பேருக்குச் சொல்வது வேறு, அதுவும் அதில் நான்கு பேர் ரப்பரைத் தூக்கி எறிந்துகொண்டிருக்கும்போது. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் வாசிப்புத் திட்டத்துக்குத் தொண்டூழியர்கள் எப்போதும் தேவை. பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க உதவுகிற வேலை. வார இறுதியில் அவர்கள் நடத்துகிற துணைப்பாட வகுப்புகளும் உண்டு. சம்பளம் வருகிற எதையும் தொடும்முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள், பல நிறுவனங்கள் முன் அனுமதி கேட்கும். ஒருவேளை வேலை மாறும் இடைவெளி கிடைத்தால் ரிலீஃப் டீச்சராகச் சில வாரம் போய்ப் பாருங்கள். விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பு உங்கள் தலையில் விழும், நாள்கணக்கில் சம்பளம். பிள்ளைகள் புது முகத்தைப் பார்த்ததும் வாலை அவிழ்த்துவிடுவார்கள். அதைத் தாண்டியும் திங்கட்கிழமை போகத் தோன்றினால் விண்ணப்பியுங்கள்.

பணம். முந்தைய அனுபவத்தில் பொருத்தமானதைக் கணக்கில் எடுப்பார்கள், ஆனாலும் பத்து வருஷக் கணக்காளர் சம்பளம் அப்படியே வரும் என்று நம்பி இறங்காதீர்கள். ஆறு மாதம் குறைந்த சம்பளத்தில் வாழ்ந்து பழகுங்கள், மீதியைத் தொடாத கணக்கில் போடுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் இதைச் செய்தோம். மூன்றாவது மாதம் தேக்கா மார்க்கெட்டில் வஞ்சிரத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய அன்று பெரிய சண்டை. ஆனால் சண்டை சம்பளம் குறைவதற்கு முன்பே நடந்து முடிந்தது நல்லதாகப் போயிற்று.

கேள்வி: வயது 41, டிப்ளோமாதான் படித்திருக்கிறேன். மருந்தகத்தில் முழுநேர வேலை. தமிழாசிரியராக இனி வாய்ப்பு உண்டா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: உண்டு தங்கச்சி, உங்களுக்குத்தான் மாலை நேர வழியே இருக்கிறது. கிளமெண்டி ரோட்டில் இருக்கிற சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழியும் இலக்கியமும் பட்டப்படிப்பை வேலை பார்ப்பவர்கள் பகுதிநேரமாகப் படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் சிம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இருந்தபோது 2006-ல் இந்தப் படிப்பு தொடங்கியது. சங்க இலக்கியம், இலக்கணம் எல்லாம் வரும். தெம்பனிஸிலிருந்து கிளமெண்டிக்குப் பச்சை வழித்தடத்தில் ஒரே ரயில், வீடு திரும்பும்போது பத்து மணிக்கு மேலாகும், இப்படிச் சில வருஷம். பட்டம் வாங்கிவிட்டால் அப்புறம் மேலே தம்பிக்குச் சொன்ன அதே தேசியக் கல்விக் கழகம்தான்.

இவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் பாலர் பள்ளிப் பக்கம் பாருங்கள். 2014-ல் தொடங்கிய கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகளில் சீனம், மலாயோடு தமிழும் உண்டு, தாய்மொழி ஆசிரியர் வேண்டும். தனியார் பாலர் பள்ளிகளிலும் தமிழுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இதற்கான டிப்ளோமாவை வேலையில் இருந்தபடியே படிக்கலாம். நீங்கள் நாற்பதைத் தாண்டிய சிங்கப்பூரர் என்றால், 2024 மே மாதத்திலிருந்து கொடுக்கிற 4,000 வெள்ளி உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் (திறன் பயிற்சிக்கு அரசாங்கம் பணம் போடுகிற கணக்கு) விழுந்திருக்கும். குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் செல்லும், அதனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்முன் பட்டியலைப் பாருங்கள். கேக் செய்யக் கற்றுக்கொள்வதில் செலவழிந்துபோகிற பணம் இல்லை அது. (பழைய 500 வெள்ளியை நான் அப்படித்தான் தீர்த்தேன். கேக்கும் உப்பவில்லை.)

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்படுங்கள். உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் ல, ள மாறியிருக்கிறது. கரும்பலகையில் ஒருமுறை மாறினால் இருபது பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

கேள்வி: வருஷத்துக்கு மூன்று மாதம் பள்ளி விடுமுறை என்பதால் என் கணவரை ஆசிரியராகச் சொல்கிறேன், சரிதானே? (பொங்கோல் வாசகி)

பதில்: மார்ச்சில் ஒன்று, ஜூனில் நான்கு, செப்டம்பரில் ஒன்று, ஆண்டிறுதியில் ஆறு, மொத்தம் 12 வாரம். கணக்கு சரி, ஆனால் அது பிள்ளைகளின் கணக்கு. ஜூனில் கூடுதல் வகுப்பு, பயிற்சி, கூட்டம், ஆண்டிறுதியில் அடுத்த வருஷத் திட்டம் என்று கூப்பிடுவார்கள். பள்ளி நடக்கிற நாளில் நினைத்தபடி லீவு எடுக்கவும் முடியாது. என் சித்தி மகள் கல்யாணம் ஆவணியில் தஞ்சாவூரில் நடந்தது, நான் வீடியோ அழைப்பில் அட்சதை போட்டேன். உங்கள் கணவருக்கு ஊரில் எத்தனை கொழுந்தியாள், மச்சான் கல்யாணம் பாக்கி இருக்கிறது என்று எண்ணிவிட்டு அவரிடம் பேசுங்கள். முதலில் அவருக்குப் பிள்ளைகளைப் பிடிக்குமா என்று கேட்டீர்களா?