பாட்டிக்குக் காது கேட்ட வரையில்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் எதையும் மனப்பாடம் செய்ய மாட்டேன் என்கிறான். எல்லாம் போனில் இருக்கிறதாம். என் கணவரும் "புரிந்தால் போதும், உருப்போடுவதெல்லாம் அந்தக் காலம்" என்கிறார். முன்பெல்லாம் பாட்டியிடம் ஒப்பிப்பான். அவருக்குக் காது மந்தமானதிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. இந்த இணைய காலத்தில் மனப்பாடம் தேவையா?

பதில்: இதே கேள்வியை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். உங்கள் கடிதத்தில்தான் பாட்டியின் காது வருகிறது, அதுவும் போகிறபோக்கில். அவருக்குக் காது கேட்ட வரையில் பையன் மனப்பாடம் செய்திருக்கிறான். அப்போதும் வீட்டில் போன் இருந்ததுதானே? கேட்க ஆளில்லை, நிறுத்திவிட்டான். நன்றாகக் காது கேட்கிற இரண்டு பேர் அதே வீட்டில் இருக்கிறீர்கள். ஒருவருக்குக்கூடவா கால் மணி நேரம் கிடைக்கவில்லை?

புரிந்தால் போதும் என்கிற உங்கள் கணவர், 56/72 என்ற பின்னத்தைப் பையனிடம் கொடுத்துச் சுருக்கச் சொல்லட்டும். எட்டாம் வாய்ப்பாடு நாக்கில் இருந்தால், பார்த்ததுமே எட்டு கண்ணில் படும். 7/9 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவான். இல்லையென்றால் விடையைப் போனில் தேடலாம். "இதற்குள் ஒரு எட்டு ஒளிந்திருக்கிறதே" என்று தோன்றுவதை எங்கே போய்த் தேடுவான்? மனம் ஒரு நேரத்தில் சுமப்பது கொஞ்சம்தான். ஏழெட்டு எத்தனை என்பதிலேயே அது தீர்ந்துபோனால், புரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கும்? பொருள் தெரியாமல் பக்கம் பக்கமாக உருப்போடுவதற்கு நானும் எதிரிதான்; அது வேறு கதை.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். படித்து ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். உங்கள் மாமியாரோ அம்மாவோ, அந்தப் பாட்டி பார்க்காமல் சொல்லவைக்கும் இந்த வேலையைத்தான் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

அவரை ஏன் ஓரம்கட்டினீர்கள்? கண் தெரிகிறதல்லவா? புத்தகத்தை அவர் மடியில் விரித்து வையுங்கள். பையன் எதிரே உட்கார்ந்து உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொல்லட்டும். பாட்டி "என்னடா?" என்றால் அவனே திரும்பச் சொல்லட்டும்; பக்கத்தில் இருக்கும் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.