சகிக்க முடியாதவரா, சகிப்பில்லாதவரா?

உயர்நிலை இரண்டில் படிக்கும் உங்கள் மகன் கட்டுரையில் 'சகிக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதியதை ஆசிரியை ஏன் சுழித்தார் என்று கேட்டிருந்தீர்கள். ஆசிரியை செய்தது சரிதான். சகிக்க முடியாத வெயில் என்றால் குறை வெயிலிடம், தாங்க முடியாதவர்கள் நாம். அதனால் அந்த வரியைப் படித்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நமக்குத் தொல்லை கொடுப்பவர் என்றுதான் படும். உங்கள் மகன் சொல்ல வந்தது வேறு. எதிர்வீட்டில் மீன்குழம்பு கொதித்தாலும் சரி, சீனர்களின் ஏழாம் மாதத்தில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே யாராவது இறந்தவர்களுக்காகக் காகிதம் எரித்தாலும் சரி, 'இவங்களே இப்படித்தான்' என்று முகம் சுளிக்கிறாரே, அந்தக் குணத்துக்குப் பெயர்தான் சகிப்பின்மை. தூக்கமின்மை மாதிரி சகிப்பு, இன்மை இரண்டும் சேர்ந்தது. ஆளைச் சொல்ல 'சகிப்புத்தன்மையற்றவர்', கொஞ்சம் நீளம்தான், என்ன செய்வது. 'பிற இனத்தாரிடம் சகிப்பின்மை காட்டினார்' என்றும் எழுதலாம்.

பொறுமையின்மை வேறு, அது மின்தூக்கி வரவில்லை என்று பொத்தானைப் பத்துத் தடவை அமுக்குவது.

அப்புறம், வீட்டில் 'சட்டை சகிக்கல' என்போம் இல்லையா, நன்றாக இல்லை என்ற பொருளில்? பையனுக்குக் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.