நாப்பது தாண்டி ஸ்போர்ட்ஸ் கார்: கேளுங்க, சொல்றேன்

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைல இருந்து எழுதறேனுங்க. கோயமுத்தூர்ல ஒர்க்‌ஷாப்ல இருந்தவன், இப்ப பழைய வெளிநாட்டுக் காரை சோதிச்சுப் பாத்து வாங்கிக் குடுக்கறது தான் பொழப்பு. புள்ளைங்கள ஆளாக்கியாச்சு, இனி நம்ம ஆசைன்னு கெளம்புன அப்பா அம்மாக நெறைய பேரு கேட்டிருந்தீங்க, எல்லாத்துக்கும் இங்கயே பதில்.

மீனாட்சிபுரத்துல இருந்து, தென்னந்தோப்புக்காரர்: வயசு 48. பொண்ணு சிஏ பாஸ் பண்ணிட்டா, எனக்கு கால் தரைல நிக்கல. காலேஜ் காலத்துல இருந்து மஸ்டாங் மேல கிறுக்கு. இப்ப தேங்காய் வெலை நல்லா இருக்கு, லோன் போட்டு பழைய வண்டி ஒண்ணு எடுக்கலாமுங்களா?

பொண்ணுக்கு என் வாழ்த்த சொல்லிருங்க. ஆனா தேங்காய் வெலைய நம்பி அஞ்சு வருச ஈஎம்ஐ போடாதீங்க, வேர்வாடல் நோய் வந்து தோப்புத் தோப்பா மரம் வெட்டறத நீங்களும் பாத்துட்டுத்தான் இருக்கறீங்க. மஸ்டாங் நம்மூருக்கு 2016ல வந்துச்சு, 5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின், முழுசா இறக்குமதி. ஃபோர்டு இங்க வண்டி தயாரிக்கறத நிறுத்தறோம்னு 2021லயே அறிவிச்சாச்சு, சர்வீஸ் இருக்கு, ஆனா ஒரு ஹெட்லைட் ஒடஞ்சா வெளிநாட்டுல இருந்து வர்ற வரைக்கும் வண்டி ஷெட்டுல தான் கெடக்கும். நான் யாருக்கும் சொல்ற கணக்கு ஒண்ணுதான், வண்டி வெலைல நாலுல ஒரு பங்கு தனியா பேங்குல கெடக்கோணும், டயர் பிரேக் இன்சூரன்ஸ்னு அதுல தான் கை வெக்க வேண்டி வரும். அந்தப் பணம் இல்லைன்னா ஆசைய விட வேண்டாம், வண்டிய ஒரு படி எறக்குங்க. பிஎம்டபிள்யூ எம்340ஐ பாத்தீங்களா? 3 லிட்டர் ஆறு சிலிண்டர், நூறு கிலோமீட்டர் வேகத்த நாலரை செகண்டுக்குள்ள தொட்டுரும், மெட்ராஸ் பக்கம் செங்கல்பட்டுல அசெம்பிள் பண்ற வண்டி, நாலு கதவு இருக்கு, பொண்ணையும் சம்சாரத்தையும் பின்னாடி உக்கார வெச்சு மாசாணியம்மன் கோயிலுக்குப் போலாம். மஸ்டாங்ல பின் சீட்டு பேருக்குத்தான்.

வாளையார்ல இருந்து: வீடு கேரளா, கம்பெனி கோயமுத்தூர். டிஎன்ல ரெஜிஸ்டர் பண்ணுனா டேக்ஸ் கம்மியாமா? பாண்டிச்சேரின்னும் ஒருத்தர் சொல்றாரு.

பாண்டிச்சேரி பேச்சே எடுக்காதீங்க. வாடகை வீட்டு அட்ரஸ் காட்டி பதிஞ்ச வண்டிகள 2017ல கேரளாவுல தோண்டித் தோண்டி எடுத்து பெரிய பெரிய ஆளுகளே கேஸுல மாட்டுனாங்க. டிஎன்லயும் 2023 கடைசில ஏத்திட்டாங்க, 20 லட்சத்துக்கு மேல போற காருக்கு 20 சதவீதம் லைஃப் டேக்ஸ், அதனால மிச்சம் ஒண்ணும் பெருசா இல்ல. வெளி மாநில வண்டி 12 மாசத்துக்கு மேல ஒரு மாநிலத்துல இருந்தா அங்க மறுபடி பதியோணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்குது. தெனமும் பார்டர் தாண்டறவருக்கு ராத்திரி வண்டி எங்க நிக்குதோ அந்த ஊரு நம்பர் தான் நிம்மதி. ஷோரூம்ல ஒரு சதவீதம் டிசிஎஸ்னு, அதாவது விக்கறப்பவே வாங்கற வரின்னு புடிப்பாங்க, அத வருமான வரில கழிச்சுக்கலாம், ஆடிட்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

பொள்ளாச்சி: கொச்சில ஒரு வண்டி பாத்திருக்கறேன், நாலு வருசப் பழசு, கண்ணாடி மாதிரி இருக்குது. என்னென்ன பாக்கோணும்?

கண்ணாடி மாதிரி இருக்கறது தான் மொதல்ல சந்தேகப்பட வேண்டியது, பாலிஷ் போட ஒரு நாள் போதும். டயர் பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2321ன்னா 2021ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், நாலு டயரும் நாலு தேதின்னா ஏன்னு கேளுங்க. இந்த மாதிரி வண்டிக்கு ஒரு டயரே இருபதாயிரம் முப்பதாயிரம் ஆகும், பேரம் பேச அதுவே போதும். காலைல என்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, அவங்க முன்னாடியே ஓட்டி வெச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு திரும்பிருங்க. லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பாக்காம ஒரு ரூபா அட்வான்ஸ் குடுக்காதீங்க, கேரளா ஹம்ப்புல, அதான் வேகத்தடைல, இடிச்ச வண்டிக்கு கதையெல்லாம் அடில தான் எழுதியிருக்கும். 2018ல ஆலுவா பக்கம் வெள்ளம் எப்படி நின்னுச்சுன்னு தெரியுமல்ல, அதுக்கப்புறமும் ஒவ்வொரு மழைக்கும் எங்கயாவது நிக்குது, அதனால சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை அங்க தான் மறைஞ்சிருக்கும். ஸ்பேர் வீல் குழி, கார்பெட் அடி, மோந்தும் பாக்கோணும். அப்பறம் பேப்பர். வேற மாநிலத்துக்கு மாத்த ஆட்சேபணை இல்லைங்கற ஃபாரம் 28 என்ஓசி, பேரு மாத்த 29, 30, லோன் இருந்திருந்தா அது முடிஞ்சதுக்கு 35. கேமரா ஃபைன் பாக்கி இருந்தா என்ஓசி சிக்கிக்கும், பரிவாஹன்ங்கற அரசாங்க வண்டி சைட்டுல நம்பர் போட்டு முன்னாடியே பாத்துருங்க. இங்க கொண்டாந்து டிஎன் டேக்ஸ் கட்டுன பொறகு கேரளாவுல மிச்ச வருசத்து டேக்ஸ ரீஃபண்ட் கேக்கலாம், நெறைய பேரு அலைய சோம்பல் பட்டு விட்டுர்றாங்க.

களியக்காவிளை: எனக்க மவன் பிளஸ் டூ, 17 வயசு. நல்ல மார்க்கு வாங்கினா ஒரு ரவுண்டு ஓட்டத் தாறேன்னு சொல்லிட்டேன். பிரச்சினை உண்டுமா?

உண்டு. 25 ஆயிரம் ஃபைன், அப்பாவுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில், ஆர்சி 12 மாசம் ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. வேற பரிசு குடுங்க.

சித்தூர் (பாலக்காடு): சத்தத்துக்காகவே தான் வாங்கறேன். எக்ஸாஸ்ட் மாத்தலாமா சேட்டா?

கம்பெனி குடுத்தத மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, கேரளா எம்விடி, அதான் மோட்டார் வாகனத் துறை, வேற இதுல விடவே மாட்டாங்க. கம்பெனியே சத்தத்தக் கூட்டிக் கொறைக்கற வால்வ் வெச்ச எக்ஸாஸ்ட் குடுக்கற வண்டியாப் பாருங்க, ஸ்போர்ட் மோடு போட்டுட்டு குதிரான் சுரங்கத்துக்குள்ள கண்ணாடிய எறக்குனீங்கன்னா போதும், லிமிட்டுக்குள்ளயே கேக்கும். வேகமும் வேணும்னா கோயமுத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துல கரி ஸ்பீட்வேன்னு ரேஸ் டிராக் இருக்குது, 2.1 கிலோமீட்டர், நம்ம வண்டிய ஓட்ட விடற டிராக் டே எப்பன்னு விசாரிச்சுட்டுப் போங்க. டிராக்ல ஆவுற சேதத்துக்கு சாதா இன்சூரன்ஸ் பைசா தராது, அத மனசுல வெச்சுக்கிட்டு மிதிங்க.

கொல்லங்கோடு: இடவப்பாதி மழைல இவ்வளவு தாழ்வான வண்டி தாங்குமா?

தண்ணி தெரிஞ்சா போகாதீங்க. உள்ள போய் வண்டி நின்னுருச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் மட்டும் பண்ணவே கூடாது, தண்ணி சிலிண்டருக்குள்ள போயி கனெக்டிங் ராடு வளைஞ்சுரும், அப்பறம் என்ஜினே போச்சு. இன்சூரன்ஸ் போடும்போது என்ஜின் புரொடெக்ட் கவர் தனியா கேட்டு வாங்குங்க, ஏஜெண்டு அவரா சொல்ல மாட்டாரு.

வண்டித்தாவளம், ஸ்கூல் டீச்சர்: எனக்கு 51. பசங்க ரெண்டு பேரும் வேலைல செட்டில். பெரியவன் பாதி பணம் நான் தர்றேன், உனக்குப் புடிச்ச ஓப்பன் கார் வாங்கும்மான்னு நிக்கறான். பிஎம்டபிள்யூ இஸட்4 மேல ஆசை. ஆம்பளைங்க மட்டும் தான் கேக்கறாங்க, நானும் கேக்கறேன்.

கேளுங்கக்கா, இத்தன பேருல உங்குளுக்குத்தான் கணக்கு சரியா இருக்குது, லோன் இல்ல, வீட்டுல வேற வண்டி இருக்குமாட்ட இருக்குது. இஸட்4க்கு துணிக் கூரை, பட்டன அமுக்குனா பத்து செகண்டுல தொறக்கும், 50 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓடிட்டே தொறக்கலாம். ஆனா மாசி பங்குனில பாலக்காடு வெயில் 40 டிகிரி, பகல்ல தொறந்தீங்கன்னா மண்டை காஞ்சுரும், அதனால வெடிகாலைலயோ மார்கழிலயோ நெல்லியாம்பதி அடிவாரம் போத்துண்டி வரைக்கும் போறதுக்குத்தான் அது. மேல ஏற வேண்டாம், தரைக்கும் வண்டிக்கும் 114 மில்லிமீட்டர் தான் எடைவெளி. இன்னொண்ணு, ஷோரூமுக்கு நீங்க ஸ்கூலுக்குப் போற அதே சேலையிலயே போங்க. மூணு தடவ ஏறி எறங்குங்க, மூணாவது தடவையும் முட்டி நோகலைன்னா பையன்கிட்ட பணத்தப் போடச் சொல்லிருங்க.