முதல் நிமிடத்தில்தான் நடுக்கம்: வாசகர் கேள்வி பதில்

அலுவலகக் கூட்டத்தில் பத்து நிமிடம் படைக்க வேண்டியிருக்கிறது. தொடங்கும்போது வாய் உலர்ந்து, குரல் நடுங்குகிறது. போகப் போகச் சரியாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ஈசூன்

போகப் போகச் சரியாகிறது என்றால், பழுது பார்க்க வேண்டியது முதல் நிமிடத்தை மட்டும்தான். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் மூச்சை வேகமாக்கி, மேல்நெஞ்சோடு நிறுத்திவிடும். குரல்நாணுக்குக் காற்று சீராக வராததால்தான் நடுக்கம்.

முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் மட்டும் சொல் பிசகாமல் நெட்டுருப் போடுங்கள். இடைப்பட்டதற்கு உள்ளங்கை அளவுத் தடித்த அட்டையில் ஐந்தாறு சொற்கள் போதும். ஏ4 தாள் வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் அது படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் முறைக்கு முன், உட்கார்ந்தபடியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து முறை. விடும் மூச்சுதான் நீளமாக இருக்க வேண்டும். பலர் இழுத்து இழுத்தே தலைசுற்றலை வரவழைத்துக்கொள்கிறார்கள். குளிரூட்டிய அறையில் தொண்டை சீக்கிரம் வறளும். வெதுவெதுப்பான நீர் குடியுங்கள். கோப்பி, கூட்டம் முடிந்த பிறகு.

மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. நின்று, வாய்விட்டு, கைபேசியில் நேரம் வைத்து மூன்று முறையாவது பேசுங்கள். பத்து நிமிடத்துக்கு எட்டரை நிமிடச் சரக்கே போதும். வீட்டில் கூச்சமாக இருந்தால் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளம் இருக்கவே இருக்கிறது.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சி ஒன்றில் ஐந்து நிமிடம் பேசப்போகிறேன். மனப்பாடம் செய்தால், ஒரு சொல் மறந்ததும் எல்லாமே மறந்துவிடுகிறது.
– வாசகர், உட்லண்ட்ஸ்

மனப்பாடத்தில் ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அதனால் எழுதுவதற்கு முன்பே, சொல்ல வந்ததை வீட்டில் ஒருவரிடம் பேச்சுத்தமிழில் சொல்லிப் பாருங்கள். அப்போது தானாக அமையும் வரிசையை அட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு மேடைத் தமிழுக்கு மாற்றுங்கள். மேற்கோள் காட்டும் குறளை முழுதாக எழுதி வையுங்கள். தேர்ந்தவர்களே இரண்டாம் அடியில் தடுக்கி விழுவது உண்டு.

மேடையிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளித்து, ‘பிழையிருந்தால் பொறுத்தருள்க’ என்று அவையடக்கமும் பாடினால், ஐந்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். அதுவரை பிழை தேடாதவர்களும் தேடத் தொடங்குவார்கள்! ‘அனைவருக்கும் வணக்கம்’ போதும். நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கையும் நம்பாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு நிமிடம் உரக்கப் பேசிப் பதிவுசெய்து, எத்தனை சொற்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து பயிற்சி பெற எங்கே போவது?
– வாசகி, தெம்பனிஸ்

1924-இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய, மேடைப்பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் மன்றங்கள் சிங்கப்பூரில் பல உள்ளன; தமிழில் நடப்பவையும் உண்டு. முதல் உரைக்கு 4 முதல் 6 நிமிடம்: நான்கில் பச்சை, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு அடையாளம் காட்டுவார்கள். நீங்கள் எத்தனை முறை ‘ம்’, ‘வந்து’ போட்டீர்கள் என்று எண்ணவே ஒருவர் இருப்பார். முதலில் சங்கடமாக இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையைப் போல் உதவுவது வேறில்லை. முதல் இரண்டு கூட்டங்களுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். அங்கே ஓரிரு நிமிடத் திடீர்ப் பேச்சுக்கு அழைத்தால் மட்டும் மறுத்துவிடாதீர்கள்.